கூலி வேலையும் சொந்தச் சரக்கும்

2024 ஏப்ரல் 11 அன்று லண்டனில் பாஃப்டா கேம்ஸ் விருதுகள் அறிவிக்கப்பட்டன. அறிமுகப் படைப்புக்கான விருதைத் தட்டிச் சென்றது, இட்லி அவிப்பதில் தொடங்கும் ஒரு வீடியோ கேம். பெயர் ‘வெண்பா’. செய்தது கனடாவின் டொரோண்டோவில் இருக்கும் ‘விசை கேம்ஸ்’ என்ற சின்ன ஸ்டுடியோ. அதற்கு மூன்று வாரம் முன்புதான், பெரிய கம்பெனிகளைச் சாராத கேம்களுக்கென்றே சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் ஐ.ஜி.எஃப். விழாவின் முதல் பரிசும் அதற்கே கிடைத்திருந்தது. ஒரு தமிழ்ப் படத்துக்கு இப்படி ஒரே வசந்தத்தில் இரண்டு விருது வந்திருந்தால், காவேரிப்பட்டினம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஃபிளெக்ஸ் வந்திருக்கும்.

கதை சிறியது. 1988இல் வெண்பா, பாவலன் என்ற இளம் தம்பதி தமிழ்நாட்டை விட்டுக் கனடாவில் வாழ்க்கையைத் தொடங்கியிருக்கிறார்கள். மனதுக்கேற்ற வேலை அமையவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்ற பேச்சு வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மகன் கவின் பிறக்கிறான். பள்ளிக்கூடம் போனதும் வீட்டுச் சாப்பாடு அவனுக்குக் கூச்சமாகிவிடுகிறது; புட்டு வேண்டாம், பீட்சா வேண்டும் என்கிறான். புலம்பெயர்ந்தோர் கதைகள் பெரும்பாலும் பிள்ளைகளின் பார்வையில் சொல்லப்படுபவை. இங்கே அம்மாவின் பக்கம் நின்று சொல்லப்படுகிறது.

ஆடுபவர் செய்ய வேண்டியது சமையல். வெண்பாவின் தாயார் கைப்பட எழுதிய குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது; அழிந்துபோன வரிகளை ஆடுபவரே ஊகித்து நிரப்ப வேண்டும். முதல் சிக்கல் இட்லித் தட்டு. குழிக்கு நேர் மேலே குழி வருகிற மாதிரி அடுக்கினால் ஆவி மேலே ஏறாது. தட்டைச் சற்றுத் திருப்பி வைக்க வேண்டும். நம் வீடுகளில் கை தானாகச் செய்கிற காரியம். ஆஸ்லோவிலோ ஒசாகாவிலோ கன்ட்ரோலரைப் பிடித்திருப்பவர் அதை இரண்டு தடவை தப்பாக அடுக்கி, மூன்றாம் தடவை புரிந்துகொள்கிறார். ஒரு பண்பாட்டை விளக்கிச் சொல்வதற்கும் கையால் செய்யவைப்பதற்கும் உள்ள தூரம் இந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடும். பின்னணியில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. பாட்டுகள் புதியவை, ஆனால் தமிழ்ச் சினிமா இசையின் வெவ்வேறு காலங்களின் வாசனையோடு மெட்டமைக்கப்பட்டவை.

குறையே இல்லையா என்றால், உண்டு. மொத்தமும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விலை 15 டாலர். இது போதுமா என்று 2023 ஜூலை 31இல் வெளிவந்தபோதே பலர் கேட்டார்கள். கடைசிப் பகுதிகள் அவசரமாக ஓடுவதும் உண்மை. இருந்தும் அந்த ஆண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் அறிமுகப் படைப்புகளுக்கான இறுதிப் பட்டியலில் இருந்த ஐந்தில் இதுவும் ஒன்று. ஸ்டுடியோவின் தலைமை வடிவமைப்பாளர் அபி, தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர்.

இதைப் படிக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். இட்லித் தட்டும் இங்கே, ரேடியோவும் இங்கே, குறிப்பேடு எழுதிய பாட்டியும் இங்கே. கேம் மட்டும் ஏன் டொரோண்டோவில் செய்யப்படுகிறது?

கம்ப்யூட்டர் இல்லாததால் என்று சொல்ல முடியாது. 2011 முதல் தமிழ்நாட்டு அரசு லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. கேம் செய்யும் மென்பொருளும் இன்று பணம் கேட்பதில்லை. கோடோ முற்றிலும் இலவசம். முப்பரிமாண உருவங்கள் செய்ய உதவும் பிளெண்டரும் இலவசம். அன்ரியல் என்ஜினில் செய்த கேம் பத்து லட்சம் டாலர் சம்பாதித்த பிறகுதான் அதற்கு மேல் வருவதில் 5 விழுக்காடு கொடுக்க வேண்டும். உலகத்தின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கேம் கடையான ஸ்டீமில் ஒரு கேமை விற்பனைக்கு வைக்க 100 டாலர் கட்டினால் போதும். படித்த பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி 1994இலிருந்து நடக்கிறது.

பற்றாக்குறை காலத்துக்குத்தான். ஒரு சின்ன கேம் முடிய இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை வரவு எதுவும் கிடையாது, செலவு மட்டும். அந்தச் செலவும் ஏறக்குறைய முழுக்கச் சம்பளம். அதை யார் தாங்குவது என்பதில்தான் எல்லாமே அடைபட்டு நிற்கிறது.

இதற்கு நம் நாட்டு உதாரணம் புனேயில் இருக்கிறது. அவிசல் சிங், ஷ்ருதி கோஷ், இயன் மாட் ஆகிய மூவர் 2017இல் ‘நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்’ என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். கையில் ஒரு கதை இருந்தது. அசுரப் படை தம்பியைத் தூக்கிப் போய்விடுகிறது; சர்க்கஸில் வித்தை காட்டும் ராஜி என்ற சிறுமி, துர்க்கை கொடுத்த திரிசூலத்தோடு தேடிப் புறப்படுகிறாள். அந்த ஆண்டு இறுதியில் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் 90,000 பவுண்டு கேட்டார்கள். அன்றைய மதிப்பில் முக்கால் கோடி ரூபாய்க்குச் சற்று மேல். அங்கே குறித்த தொகை முழுதாகச் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். சேரவில்லை.

பெரும்பாலான கதைகள் அந்த இடத்தில் முடிந்துவிடும். பழைய வேலைக்குத் திரும்பி, செய்து வைத்ததை ஹார்டு டிஸ்க்கில் போட்டுவிடுவார்கள். அவிசல் சிங் தன் அடுக்குமாடி வீட்டை விற்றார். அந்தப் பணம்தான் ஸ்டுடியோவை மூச்சுவிட வைத்தது. பிறகு பப்ளிஷர் கிடைத்தார், ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ 2020 ஆகஸ்ட் 18இல் நின்டெண்டோ ஸ்விட்ச்சில் வெளிவந்தது, அக்டோபரில் மற்றக் கருவிகளுக்கும் வந்தது. ராஜஸ்தான் கோட்டைகளின் சாயலில் எழுப்பிய அரங்குகளும், நிழல் பொம்மலாட்டமாகச் சொல்லப்பட்ட புராணப் பகுதிகளும் பேசப்பட்டன. சண்டைக் காட்சிகளில் மெருகு போதவில்லை என்ற விமர்சனமும் வந்தது. அந்த ஆண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ அறிமுகப் பட்டியலில் ராஜியும் இருந்தது.

வீட்டை விற்றுப் படம் எடுத்தவர் கதையைத் தமிழர்கள் நிறையக் கேட்டிருப்பார்கள். அதைத் தியாகமாகப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். ஆனால் விற்க ஒரு வீடு இருந்தவர் மட்டுமே கேம் செய்ய முடியும் என்றால், காவேரிப்பட்டினத்தில் வாடகை வீட்டில் இருக்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ அந்தக் கதவு முதலிலேயே சாத்தப்பட்டிருக்கிறது.

சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க, ஓசூர் சிப்காட்டை ஒட்டிய தெருக்களுக்குப் போனால் போதும். ஒரு ஷெட், இரண்டு சி.என்.சி. மெஷின், நாலைந்து பேர். மேலே இருந்து டிராயிங் வரும், மெட்டீரியல் வரும், பீஸுக்கு இவ்வளவு என்று ரேட் வரும். மைக்ரான் பிசகாமல் கடைந்து கொடுத்தால், பொருள் வேறொருவர் பெயரில் ஷோரூமுக்குப் போய்ச் சேரும். இதற்கு அங்கே ஜாப் ஒர்க் என்று பெயர். இது இழிவான வேலை ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதில்தான் நிமிர்ந்தன. ஆனால் ரேட்டை நிர்ணயிப்பவர் ஆர்டர் கொடுப்பவர். ஆர்டர் நின்றால் மெஷினும் நிற்கும்.

அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருவுக்குள் நுழைந்தால், கேம் தொழிலும் இதே முறையில் நடப்பது தெரியும். ராஜேஷ் ராவ் 1997இல் அங்கே தொடங்கிய துருவா இன்டராக்டிவ், இந்திய கேம் தொழிலின் மூத்த கம்பெனிகளில் ஒன்று. முன்னூறு பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஃபோர்ஸா கார் பந்தய கேம் போன்ற உலகப் புகழ்பெற்றவற்றுக்குக் கார்களையும் காட்சிகளையும் வரைந்து கொடுத்த கைகள் அவை. திறமையில் யாருக்கும் சளைத்தவை அல்ல. 2019இல் ஜி.டி.ஏ. கேமைச் செய்யும் ராக்ஸ்டார், துருவாவின் பெரும்பான்மைப் பங்கை 79 லட்சம் டாலருக்கு வாங்கியது. அன்றைய கணக்கில் சுமார் 55 கோடி ரூபாய். அதே ராக்ஸ்டாரின் ஜி.டி.ஏ. 5, 2013இல் வெளிவந்த முதல் மூன்றே நாளில் நூறு கோடி டாலருக்கு விற்றது. இருபத்திரண்டு வருட உழைப்பின் விலையும் மூன்று நாள் விற்பனையும் இப்படி ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் இருப்பதற்குக் காரணம், ஒன்று கூலிக்குச் செய்தது, இன்னொன்று சொந்தச் சரக்கு.

கூலி வேலையின் இன்னொரு முகம் 2025 பிப்ரவரியில் தெரிந்தது. பிரான்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட டெக்னிகலர் நிறுவனம் கடனில் மூழ்கியது. அதன் பெங்களூரு, மும்பை அலுவலகங்களில் சினிமாவுக்கும் கேமுக்கும் வேலை செய்துகொண்டிருந்த சுமார் மூவாயிரம் பேர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் வேலையில் யாரும் குறை சொல்லவில்லை. பாரிஸில் கணக்கு இடித்தது, பெங்களூருவில் அடுப்பு அணைந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் அரசுகள் இந்தத் துறையை அளக்கும் படி எது? வேலைவாய்ப்பு எண்ணிக்கை. கர்நாடகம் 2012லேயே அனிமேஷன், கேம் துறைக்குத் தனிக் கொள்கை வகுத்தது. இந்தியாவில் அதுவே முதல். 2022 மத்திய பட்ஜெட்டில் இதற்கு ஒரு பணிக்குழு அறிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் மும்பையில் ஒரு தேசிய மையம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது முன்னால் நிறுத்தப்பட்ட எண், 5 லட்சம் வேலை. வேலை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் தலை எண்ணி மானியம் கொடுத்தால், தலை அதிகம் உள்ள இடத்துக்குத்தான் மானியம் போகும். முன்னூறு பேர் உட்கார்ந்து வெளிநாட்டு ஆர்டரை முடிக்கும் கம்பெனிக்குக் கிடைக்கும், நாலு பேர் உட்கார்ந்து தங்கள் கதையைச் செய்யும் அறைக்குக் கிடைக்காது.

விசை கேம்ஸ் இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் இந்த வேறுபாட்டைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அங்கே கேம் கம்பெனிகளின் சம்பளச் செலவுக்கு வரிச் சலுகை உண்டு. கம்பெனி தன் சொந்தப் படைப்பைச் செய்தால் 40 விழுக்காடு. அடுத்தவருக்குக் கூலிக்குச் செய்து கொடுத்தால் 35 விழுக்காடு. ஐந்து விழுக்காடு பெரிய இடைவெளி இல்லைதான். அரசு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

கனடா பணக்கார நாடு, அதோடு நம்மை ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், ஓசூரோடே ஒப்பிடலாம்.

ஓசூர் எப்போதும் அடுத்தவர் டிராயிங்குக்குக் கடைந்துகொண்டிருந்த ஊர் அல்ல. 1980இல் இங்கிருந்துதான் டி.வி.எஸ். 50 மொபெட் புறப்பட்டது. பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக் கிராமங்களை நகர்த்திய அந்த வண்டி, இந்த ஊரின் சொந்தச் சரக்கு. அடுத்தது டைட்டன். கைக்கடிகாரம் என்றாலே எச்.எம்.டி. என்றிருந்த காலத்தில், 1984இல் டாடா குழுமத்தோடு கைகோத்தது தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ. தொடக்கத்தில் தொழில்நுட்பத்துக்கு ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் துணை இருந்தது. பெயரும் வடிவமும் விற்பனையும் இங்கே முடிவானவை. ஓசூர் ஆலையில் செய்த கடிகாரங்கள் 1987இல் கடைக்கு வந்தன. இன்றைக்கும் டைட்டனில் டிட்கோவின் பங்கு 27.88 விழுக்காடு; அதன் சந்தை மதிப்பு பல பத்தாயிரம் கோடி ரூபாய். ஓடுமா ஓடாதா என்று தெரியாத ஒரு புதிய பெயருக்கு அரசு பங்குதாரராக நின்ற கதை இது. நாற்பது வருடம் முன்பு கடிகாரத்துக்குத் துணிந்த அரசு, இன்று சிறு செலவில் முடியும் ஒரு காரியத்துக்குத் தயங்க வேண்டியதில்லை.

தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ‘ஆன்லைன் கேம்’ என்ற சொல் செய்தித்தாளில் வருவதெல்லாம் ரம்மியில் பணம் இழந்தவர்களின் சாவுச் செய்தியோடுதான். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக 2022இல் மாநிலச் சட்டம் வந்தது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை தடுக்கும் விதிகளை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. ஆகஸ்டில் பண விளையாட்டுகளை மொத்தமாகத் தடைசெய்து நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. தடை நியாயமானது. ஆனால் அந்தச் சூட்டில், கேம் செய்யப் போகிறேன் என்று ஒரு பிள்ளை வீட்டில் சொன்னால் ரம்மியா என்று கேட்கும் நிலை வந்திருக்கிறது. ரம்மிக் கம்பெனிக்கும் கதை சொல்லும் ஸ்டுடியோவுக்கும் உள்ள உறவு, லாட்டரிக் கடைக்கும் நூலகத்துக்கும் உள்ள உறவுதான்.

நாட்டுப்பற்றைக் கலந்து விற்கும் அவசரமும் உதவாது. 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்ட இரண்டே நாளில், பெங்களூரு கம்பெனி ஒன்று அக்‌ஷய் குமாரை முன்னிறுத்தி ‘ஃபௌஜி’யை அறிவித்தது. லட்சக்கணக்கானோர் முன்பதிவு செய்தார்கள். 2021 குடியரசு நாளில் வெளிவந்தது. ஆடிப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள், மதிப்பெண் சரிந்தது. பையன்கள் பப்ஜியின் இந்தியப் பதிப்பு வந்ததும் அதற்கே திரும்பினார்கள். கேம் நன்றாக இல்லையென்றால் கொடி காப்பாற்றாது.

சரி, செய்ய வேண்டியது என்ன? கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு குழுவில் நாலு பேர். தலைக்கு மாதம் 25,000 ரூபாய்; பெங்களூருவில் அது அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போகும், காவேரிப்பட்டினத்தில் அதை வைத்து ஒரு வீட்டை நடத்தலாம். இரண்டு வருடத்துக்கு 24 லட்சம். இதர செலவுக்கு ஒரு லட்சம் சேர்த்தால் 25 லட்சம். ஆண்டுக்குப் பத்துக் குழு என்றால் இரண்டரைக் கோடி. ஒரு மாநில பட்ஜெட்டில் இது கண்ணுக்கே தெரியாது.

இப்போதுள்ள திட்டங்களில் இது ஏன் பொருந்தவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மாவட்டத் தொழில் மையம் வழியாகப் புதிய தொழில்முனைவோருக்கு 25 விழுக்காடு மானியத்தோடு கடன் கிடைக்கிறது. ஆனால் வங்கி மேலாளர் கேட்பது மெஷின் கொட்டேஷன். லேத்துக்குக் கொட்டேஷன் உண்டு. கதை எழுதுபவருக்கும் படம் வரைபவருக்கும் இரண்டு வருடச் சம்பளம் என்று எழுதிக்கொடுத்தால் அந்தத் தாளை அவர் எந்தக் கோப்பில் வைப்பார்? புத்தொழில் நிறுவனங்களுக்கான டான்சீட் 3 விழுக்காடு பங்குக்கு 10 லட்சம் தருகிறது. திசை சரி, தொகை இந்தத் தொழிலுக்குப் பத்தாது. தரமான சிறு முதலீட்டுப் படங்களுக்கு அரசு 7 லட்சம் மானியம் கொடுக்கிறது. கதை சொல்வது அரசு ஆதரிக்கத் தக்க வேலை என்பதை அதன்மூலம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று.

பணத்தை ஒரே தடவையில் கொடுக்கவும் கூடாது. முதலில் 5 லட்சம்; ஆறு மாதத்தில் ஆடக்கூடிய ஒரு பகுதியைக் கொண்டுவந்து காட்டட்டும். தேறினால் மீதி. தேர்வுக் குழுவில் ஒரு கேமையாவது செய்து வெளியிட்டவர்கள் பாதிக்குமேல் இருக்க வேண்டும். பொன்னாடை போர்த்துகிறவர்கள் வேண்டாம். உரிமை செய்தவரிடமே இருக்க வேண்டும். விற்றால் அரசுக்கு ஒரு சிறு பங்கு. டைட்டனில் பழகிய ஏற்பாடுதான். பிளேஸ்டேஷன் நடத்தும் சோனி, 2023இல் ‘இந்தியா ஹீரோ புராஜெக்ட்’ என்று ஒன்றைத் தொடங்கி இந்தியச் சிறு ஸ்டுடியோக்களைத் தேர்ந்தெடுத்து ஆதரவு கொடுக்கிறது. ஜப்பான் கம்பெனிக்குத் தெரிகிற வாய்ப்பு கோட்டைக்கும் தெரியலாம்.

பத்தில் எட்டு தோற்கும், அதைச் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். 2024இல் மட்டும் ஸ்டீமில் பதினெட்டாயிரத்துக்கு மேல் புதிய கேம்கள் வந்தன. பெரும்பாலானவற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மூன்று பேர் செய்த ‘ஹாலோ நைட்’ லட்சக்கணக்கில் விற்றதைக் காட்டி ஆசை மூட்டுவது சுலபம். அது ஆயிரத்தில் ஒன்று. தோற்ற எட்டுக் குழுவிலும் ஒரு கேமைத் தொடங்கி முடித்த முப்பது பேர் மிஞ்சுவார்கள், அவர்களை வேலைக்கு எடுக்கப் பெங்களூரு கம்பெனிகள் வரிசையில் நிற்கும். சிப்காட் மனை ஒன்றில் தொழில் படுத்துவிட்டால் மிஞ்சுவது பூட்டிய ஷெட்.

விண்ணப்பம் வாங்கும் இடம் சென்னையாக இருந்தால் இது இன்னொரு சென்னைத் திட்டமாகத்தான் முடியும். ஓசூரில் வாங்கட்டும், தமிழில் எழுதினாலும் ஏற்கட்டும். காலமும் முக்கியம். பர்கூர் போன்ற கல்லூரிகளுக்குக் கம்பெனிகள் ஆள் எடுக்க வருவதற்கு முன்பே கடைசித் தேதி வந்துவிட வேண்டும். ஆஃபர் லெட்டர் கையில் வந்து, வீட்டில் கல்விக் கடன் தவணையும் பேச்சில் வந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் இந்தப் படிவத்தைக் கையில் எடுக்காது.